சிட்டை சாட்சியாகுமா?

நீதிமன்றத்திற் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றவன் முதலிற் சத்தியம் செய்கின்றான். பின்னர், கண்ணாற் கண்டதைச் சொல்கின்றானா, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கின்றானா என்று வினவப்படுகின்றான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, அன்று வெளிச்சம் இருந்ததா, நீ நின்ற இடம் எது, உனக்கும் எதிரிக்கும் முன்பகை உண்டா என்று குறுக்கு விசாரணை செய்கின்றார். இத்தனை சோதனைகளையும் கடந்து நிற்கும் சொல்லையே நீதிபதி நம்புகின்றார். சாட்சி ஏழையாயினும் செல்வனாயினும் விதி ஒன்றே.

இந்த விதிக்கு உட்படாத புதிய சாட்சி ஒன்று இப்பொழுது வந்திருக்கின்றது. அது சத்தியம் செய்வதில்லை. குறுக்கு விசாரணைக்கு வருவதில்லை. அது சொன்னது பிழையென்று குற்றஞ்சாட்டப்பட்டவன் நிரூபிக்கும்வரை, சொன்னது மெய்யென்றே கொள்ளப்படுகின்றது. அதன் நீளம் ஒரு விரலளவு. அதன் தடிப்பு ஒரு கடதாசியளவு. சரக்குப் பெட்டிகளிலும் உடுப்புகளிலும் ஒட்டப்பட்டு, தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்கும், துறைமுகத்திலிருந்து கடல் கடந்த கடைகளுக்கும் அது பிரயாணம் செய்கின்றது. வானொலி அலை அடையாளச் சிட்டை என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். ஆர்.எவ்.ஐ.டி. என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாலேயே வணிக உலகம் அதனை அறியும்.

சரக்கைக் காக்க வந்த இச்சிட்டை, சரக்கைச் சுமப்பவனைக் குற்றவாளியாக்கும் கருவியாக மாறலாமா? இதுவே நாம் இன்று எழுப்பும் வினா.

வாசலில் நின்ற இயந்திரம்

சில காலத்துக்கு முன் லொறிச் சாரதி ஒருவர் எம்மிடம் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொழில் செய்பவர். ஆடைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஏற்றுமதிப் பெட்டிகளை ஏற்றிச் சென்று, கொழும்பை அடுத்த பண்டகசாலை ஒன்றில் இறக்குவது அவர் வேலை. ஒரு நாள் அவர் 216 பெட்டிகளை ஏற்றினார். தொழிற்சாலை எழுதுவினைஞர் எண்ணி ஒப்பமிட்டார். பண்டகசாலை வாசலில் நிறுத்தப்பட்டிருந்த வாசிப்பு இயந்திரமோ 212 என்று காட்டியது. இறக்கிய பெட்டிகளை எவரும் கையால் எண்ணவில்லை. எண்ணுவதற்குத்தானே இயந்திரம் இருக்கின்றது என்பது அங்குள்ளோர் நியாயம். நான்கு பெட்டிகளின் பெறுமதி அவருடைய சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படலாயிற்று.

"ஐயா, ஏத்தேக்கை எண்ணித்தான் ஏத்தினது. வழியிலை ஒரு இடத்திலையும் லொறி நிக்கேல்லை. அந்த மிசின் நாலைக் காணேல்லை எண்டால், நான் களவெடுத்தனான் எண்டு அர்த்தமே?" என்று அவர் கேட்டார்.

சட்டம் பயின்ற எமக்கு அக்கேள்வியிலும் சிறந்த குறுக்கு விசாரணை ஒன்று தோன்றவில்லை. கொம்பனிக்குக் கடிதம் எழுதினோம். மூன்று கேள்விகள் கேட்டோம். அன்றைய வாசிப்புப் பதிவின் முழுப் பிரதியைத் தருவீர்களா? அந்த இயந்திரம் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட நாள் எது? பெட்டிகள் குறைந்தன என்று கடல் கடந்த கொள்வனவாளர் முறையிட்டாரா? முதலிரு கேள்விகளுக்கும், பதிவு தமது வியாபார இரகசியம் என்பதே விடை. மூன்றாவது கேள்விக்கு விடையே இல்லை. பின்னர் ஒரு நாள், பொறுப்பெதனையும் ஒப்புக்கொள்ளாமலே, கழித்த பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

பணம் திரும்பியது, பதிவு வரவில்லை. அவர் பெயருக்கு எதிரே ஏற்றப்பட்ட குறிப்பு அழிக்கப்பட்டதென்று இன்றுவரை எவரும் எழுதிக் கொடுக்கவுமில்லை. கடிதம் எழுத ஓர் ஆளைத் தேடிக்கொண்ட சாரதிக்கு இவ்வளவாவது கிடைத்தது. தேடிக்கொள்ளாத சாரதிகளின் கதி யாது?

சிட்டையின் பிறப்பும் தொழிலும்

ஒரு பொருளின் இயல்பை அறியாது அதனைக் கண்டிப்பது அறிவுடைமையன்று. ஆதலின் இச்சிட்டை யாது, எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை முதலிற் காண்போம்.

சிட்டைக்குள் இருப்பவை இரண்டே. ஒன்று, ஓர் எண்ணைத் தாங்கிய, மணலளவான சில்லு. மற்றது, அச்சில்லோடு இணைந்த அன்ரெனா என்னும் மெல்லிய உலோகக் கோடு. வணிகச் சரக்குகளில் ஒட்டப்படும் சிட்டைகளுட் பெரும்பாலானவற்றில் மின்கலம் இல்லை. வாசிப்பு இயந்திரம் வீசும் வானொலி அலையே அவற்றுக்கு உணவு. அலை பட்டதும் சில்லு விழித்து, தன் எண்ணை அந்த அலையின் எதிரொலியாகத் திருப்பி அனுப்புகின்றது. சரக்குப் போக்குவரத்தில் வழங்கும் சிட்டைகள் 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறனில் இயங்குகின்றன. சில மீற்றர் தூரத்திலிருந்தே அவற்றை வாசிக்கலாம். பொருட்களின் உறையிற் காணும் பட்டைக் குறியை ஒவ்வொன்றாக ஒளிக்கு நேரே காட்டவேண்டும். சிட்டையையோ, பெட்டியைத் திறவாமலே, கூட்டமாக வாசித்துவிடலாம். வாசித்த எண், வாசித்த இடம், வாசித்த நேரம் ஆகிய மூன்றும் கணினியில் ஒரு வரியாக ஏறுகின்றன. சரக்கின் பிரயாணம் என்று கொம்பனிகள் காட்டுவது இத்தகைய வரிகளின் தொடரேயன்றி வேறன்று.

இதன் பரம்பரையும் அறியத்தக்கதே. 1945ஆம் ஆண்டில் மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதுவருக்குச் சோவியத் சிறுவர்கள் மரத்திற் செதுக்கிய அமெரிக்க இலச்சினை ஒன்றைப் பரிசளித்தனர். தூதுவர் வாசஸ்தலத்திலே அது தொங்கியது. மின்கலமோ கம்பியோ இல்லாத அதனுள், வெளியிலிருந்து வீசப்பட்ட வானொலி அலையால் உயிர்பெற்று, அறையிற் பேசியதையெல்லாம் திருப்பி அனுப்பும் கருவி ஒன்று இருந்தது. லியோன் தெரெமின் என்னும் ருசிய விஞ்ஞானி அமைத்தது அது. 1952இலேயே அமெரிக்கர் அதனைக் கண்டுபிடித்தனர். எதிரொளித்த அலையாற் செய்தி அனுப்பும் முறையை விளக்கி ஹரி ஸ்ரொக்மன் 1948இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அரை நூற்றாண்டின் பின், 1999இல், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் அமைந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்று, உலகிலுள்ள ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் திட்டத்தை வகுத்தது.

ஆக, இன்று பெட்டியில் ஒட்டியிருக்கும் சிட்டையின் பாட்டன் ஓர் ஒற்றன். பாட்டன் செய்த தொழிலுக்குப் பேரனைத் தண்டிப்பது நீதியன்று. ஆனால் வானொலி அலையில் இயங்கும் காது, எவர் கையில் இருக்கின்றதோ அவருக்கே உழைக்கும் என்பதை மறப்பதும் மடமை.

நன்மையை மறுக்கவில்லை

இயந்திரத்தை உடைக்கச் சொல்லும் கூட்டம் அல்லோம் நாம். சிட்டையால் விளையும் நன்மை மெய்யானது.

1991ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் சுமார் 40,000 கொள்கலன்களைப் பாலைவனத்துக்கு அனுப்பினர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமையால் அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவற்றைத் திறந்து பார்க்க நேர்ந்தது. இரும்பு மலைகள் என்று அக்குவியல்களுக்குப் பெயரிட்டனர். அந்த அனுபவமே படைத்துறையைச் சிட்டையின் பக்கம் திருப்பியது. வணிகத் துறையிலும் பயன் கண்டனர். வோல்மார்ட் கடைகளில் ஆர்கன்சோ பல்கலைக்கழகத்தினர் செய்து 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சிட்டை வழங்கிய கடைகளிற் பொருள் தட்டுப்பாடு 16 வீதம் குறைந்தது என்று கூறியது. பழுதான மருந்தைத் திரும்ப அழைக்கவும், தவறிய கொள்கலனைத் தேடவும் இது உதவும். இவற்றையெல்லாம் நாம் ஒப்புகின்றோம்.

ஆனால் நன்மை உண்டு என்பதனாலேயே நீதி உண்டு என்று ஆகிவிடாது. நன்மை எவர் பைக்குச் செல்கின்றது, சுமை எவர் தோளில் இறங்குகின்றது என்று கேட்பதே அரசியல்.

செலவு யாருக்கு, பயன் யாருக்கு?

2003ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வோல்மார்ட் கொம்பனி தனக்குப் பொருள் வழங்கும் முதல் 100 பெரிய வழங்குநர்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. 2005 சனவரி தொடக்கம் பெட்டிகளிலும் அடுக்குப் பலகைகளிலும் சிட்டை ஒட்டியே அனுப்பவேண்டும் என்பது ஆணை. சிட்டை வாங்கும் செலவு யாருக்கு? வழங்குநருக்கு. ஒட்டும் கூலி யாருக்கு? வழங்குநருக்கு. களஞ்சியத்தில் இருப்பு அறிந்து இலாபம் பெறுவது யார்? வோல்மார்ட். ஒரு சிட்டை ஐந்து சதத்துக்குக் கிடைக்கும் நாள் வரும் என்று அக்காலத்திற் பேசினர். அந்த நாள் வருமுன்னரே ஆணை வந்துவிட்டது. 2008இலே, வோல்மார்ட்டைச் சேர்ந்த சாம்ஸ் கிளப், சிட்டை இல்லாத ஒவ்வோர் அடுக்குப் பலகைக்கும் 2 டொலர் அறவிடப் போவதாக வழங்குநர்களுக்கு அறிவித்தது. ஒருவன் தன் வசதிக்காக ஒரு விதியைச் செய்கின்றான். அதற்கான செலவை மற்றவன் தலையிற் கட்டுகின்றான். கட்ட மறுத்தால் அபராதமும் விதிக்கின்றான். ஒப்பந்தச் சட்டத்தில் இதற்குப் பேரம் என்று பெயர். பேரம் பேச இரு தரப்புக்கும் வலு இருந்தாலன்றோ அது பேரமாகும்?

அந்த முதல் முயற்சி எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. ஆயினும் சிட்டை மறையவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி உடுப்பில் ஏறியது. எம் நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து நெடுங்காலமாக உடுப்பு வாங்கும் பிரித்தானியாவின் மாக்ஸ் அன்ட் ஸ்பென்ஸர் 2003இலேயே ஆண்கள் உடுப்புகளில் இதனைப் பரீட்சித்தது. வோல்மார்ட்டும் உடுப்புக்கு விதித்த நிபந்தனையை 2022இல் வீட்டுப் பாவனைப் பொருட்கள், இலத்திரனியற் பொருட்கள், விளையாட்டுச் சாமான்கள் முதலியவற்றுக்கும் விரித்தது. கடையில் விற்பனையாகும் சிட்டை கடையில் ஒட்டப்படுவதில்லை. பொருள் உருவாகும் நாட்டிலேயே ஒட்டப்படுகின்றது. இவ்வாறே, கடல் கடந்த கடையொன்றின் இலாபக் கணக்கு, இலங்கையின் தையல் மேசையிலும் லொறித் தட்டிலும் வந்து தொடங்குகின்றது. இந்த விடயம் எமக்கென்ன என்று எவரும் சொல்லிவிட முடியாது.

செலவு ஒரு சுமை. அதனினும் கொடிய சுமை ஒன்று உண்டு. அது ஐயம். முன்பெல்லாம் சரக்குக் குறைந்தால், ஏற்றியவரும் கொண்டுசென்றவரும் இறக்கியவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விளக்கம் கேட்பர். மூவர் கையிலும் மூன்று சீட்டுகள் இருந்தன. இன்று சீட்டு ஒருவர் கையிலேயே இருக்கின்றது. அது கணினிக்குள் இருக்கின்றது. அக்கணினி கொம்பனியின் அறைக்குள் இருக்கின்றது. அறையின் திறப்பு சாரதியிடம் இல்லை.

சிட்டை காணாதவை

சிட்டை பொய் சொல்லுமா என்று எம்மைக் கேட்கலாம். சிட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரியாத இடங்கள் அதற்குப் பல உண்டு.

உலோகம் வானொலி அலையைத் திருப்பி எறிகின்றது. நீர் அதனை உறிஞ்சுகின்றது. தகரப் பேணிக்கும் பானப் போத்தலுக்கும் நடுவே அகப்பட்ட சிட்டையை இயந்திரம் காணாமற் போகலாம். நெருக்கமாக அடுக்கிய பெட்டிகளின் நடுவில் ஒரு சிட்டை மற்றொன்றை மறைக்கலாம். அன்ரெனா திரும்பிய பக்கம் பிழைத்தால் அலை வலுவிழக்கும். மடிந்த சிட்டையும், நசுங்கிய சிட்டையும், அன்ரெனா அறுந்த சிட்டையும் வாய் திறவா. இவையாவும், சரக்கு இருக்கவும் சிட்டை இல்லையென்று ஆகும் சந்தர்ப்பங்கள்.

இதற்கு எதிரானதும் உண்டு. அடுத்த வாசலில் நிற்கும் லொறியின் சிட்டையை இந்த வாசல் இயந்திரம் வாசித்துவிடும். கிழித்தெடுத்த சிட்டை ஒன்றைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வாசலைக் கடந்தால், பெட்டி கடந்ததாகப் பதிவு ஏறும். சாதாரணச் சிட்டை ஒன்றின் எண்ணைப் பிறிதொரு சிட்டையில் எழுதுவதும் இயலும். இவை சரக்கு இல்லாதிருக்கவும் சிட்டை உண்டென்று ஆகும் சந்தர்ப்பங்கள்.

ஆகவே, இந்தச் சாட்சி உண்மையிற் கண்டது யாது? இன்ன நேரத்தில் இன்ன எண் ஓர் இயந்திரத்தின் முன் ஒலித்தது என்பது மட்டுமே. பெட்டிக்குள் இருந்தது யாது, பெட்டியைத் தொட்டவர் யார், பெட்டி வாராமைக்குக் காரணம் யாது என்பனவற்றுள் ஒன்றையேனும் அது காணவில்லை. சிட்டையின் இருப்பு வேறு. சரக்கின் இருப்பு வேறு. மனிதனின் நேர்மை முற்றிலும் வேறு. இம்மூன்றையும் ஒன்றாக்குவது, மேடை மீது கிடந்த தொப்பியைக் கண்டு, பேசியவர் இன்னாரென்று தீர்ப்பளிப்பதை ஒக்கும்.

உலகத்துப் பெரும்படையே இதற்குச் சான்று. 2003ஆம் ஆண்டு ஈராக் யுத்தத்துக்குச் செல்லும் சரக்கில் சிட்டை இடவேண்டுமென்று முன்னதாகவே ஆணையிடப்பட்டிருந்தது. அவ்வாண்டு திசெம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை யாது சொன்னது? தரைப்படைக்கு அனுப்பியதாகக் காட்டிய பொருளுக்கும், பெற்றதாக ஒப்புக்கொண்ட பொருளுக்கும் இடையே 120 கோடி டொலர் வித்தியாசம் என்றது. சிட்டைகள் எங்கும் ஒரே சீராக உபயோகிக்கப்படவில்லை என்பதும் அங்கே சுட்டப்பட்டது. 120 கோடி டொலர் வித்தியாசத்துக்காக எந்தப் படைத் தளபதியின் சம்பளம் மாதந்தோறும் கழிக்கப்பட்டது? நான்கு பெட்டிகளுக்கு ஒரு சாரதியின் சம்பளம் கழிக்கப்படுகின்றதே!

சட்டம் எந்தப் பக்கம்?

இனி எமது நாட்டுச் சட்டத்துக்கு வருவோம்.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கணினிச் சான்றை நீதிமன்றத்துள் அனுமதித்தது. ஆனால் கதவைத் திறந்தபோது காவலும் வைத்தது. கணினி ஒழுங்காகத் தொழிற்பட்டது என்பது காட்டப்படல் வேண்டும். அச்சான்றை முன்வைக்க விரும்புவோர் எதிர்த்தரப்புக்கு முன்கூட்டி அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். எதிர்த்தரப்பினர் அந்த இயந்திரத்தையே பார்வையிட அனுமதி கோரலாம். சாட்சிக் கூண்டின் பழைய விதியை இயந்திரத்துக்கும் பொருத்திய ஏற்பாடு அது.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வேறு வழி சென்றது. அதன் 21ஆம் பிரிவு, மறுதலை நிரூபிக்கப்படும் வரை, இலத்திரனியற் பதிவில் உள்ள தகவலை நீதிமன்றம் உண்மையென்று அனுமானிக்க வேண்டும் என்று விதித்தது. அதன் 22ஆம் பிரிவு, அச்சட்டம் ஏற்புடையதாகும் பதிவுகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்றது. வியாபாரிகள் இருவர் மின்னஞ்சலிற் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நிலைநிறுத்த இது நல்ல விதியே. இருவரிடமும் பிரதி இருக்கின்றது. இருவரிடமும் வழக்கறிஞர் இருக்கின்றனர். ஆனால் கொம்பனியின் பதிவுக்கு முன் தனித்து நிற்கும் சாரதிக்கு இவ்விதி என்ன செய்கின்றது? பதிவு உண்மையென்று அனுமானிக்கப்படும். பிழையென்று காட்டுவது அவர் பொறுப்பு. பிழையைக் காட்டக்கூடிய இயந்திரமோ எதிரியின் வளவுக்குள் இருக்கின்றது!

நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டுபவனைச் சார்ந்தது என்று சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டிற் கற்றோம். அந்தப் பாரம் வாசலில் நின்ற இயந்திரத்தைக் கடக்கும்போது சாரதியின் தோளுக்கு மாறிவிடுகின்றது.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அதிகாரமளிக்கப்பட்ட கழிவுகள் தவிர வேறெதனையும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்க இடங்கொடுப்பதில்லை. ஒரு கணினி வரியை மட்டும் காட்டிக் கழிப்பதற்கு எந்தச் சட்டம் அதிகாரமளித்தது? விசாரணையின்றிக் கழிப்பவர்கள் இந்த வினாவுக்கு விடை சொல்லட்டும்.

பிரித்தானியா தரும் பாடம்

இயந்திரத்தின் சொல்லை அனுமானத்தால் மெய்யாக்கினால் நேர்வது யாது என்பதற்குப் பிரித்தானியாவிலே நிகழ்ந்த ஒரு பெருங்கொடுமை சான்று பகரும். அங்கே நிகழ்ந்தது சிட்டை பற்றியதன்று. தபாற் கந்தோர்க் கணக்கு பற்றியது. ஆயின் சட்டத்தின் கேள்வி இரண்டிலும் ஒன்றே.

கணினி ஒழுங்காகத் தொழிற்பட்டதென்று காட்டிய பின்னரே அதன் சான்றை ஏற்கலாம் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவு அந்நாட்டில் விதித்திருந்தது. வழக்குத் தொடுநருக்கு அது தொல்லை என்று கருதி, 1999இல் இயற்றிய சட்டத்தால் அப்பிரிவை நீக்கினர். அதன்பின், இயந்திரம் ஒழுங்காகவே இயங்கியது என்று அனுமானிப்பது வழக்காயிற்று. அதே 1999இல் தபாற் கந்தோர்கள் ஹொரைசன் என்னும் கணக்கு முறையைப் புகுத்தின. கணக்கிற் பணம் குறைவதாக அது காட்டியது. உப தபாலதிபர்கள் களவெடுத்தனர் என்று வழக்குகள் தொடரப்பட்டன. 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிறை சென்றவர் உளர், வீடிழந்தவர் உளர், உயிரை மாய்த்துக்கொண்டவரும் உளர். அந்தக் கணக்கு முறையிலேயே பிழைகள் இருந்தன என்று இலண்டன் உயர் நீதிமன்றம் 2019 திசெம்பரிலேயே தீர்த்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் குற்றத்தீர்ப்புகள் மேன்முறையீட்டில் நீக்கப்பட்டன. எஞ்சியோரில் மிகப் பலரை விடுவிக்க 2024இல் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று.

இருபது ஆண்டுகளாக அந்த மனிதர்கள் சொன்னது ஒன்றே: "பிழை இயந்திரத்தில், எம்மில் அன்று." அதனைக் கேட்கச் செவி இருக்கவில்லை. நீதித்துறையிற் பெரும் பாரம்பரியம் உடைய நாட்டிலேயே இது நேர்ந்ததாயின், வறிய சாரதியின் குரலுக்கு இங்கே என்ன காப்பு?

ஒரு மறுப்புக்கு விடை

"சரக்குக் களவு போகவில்லையா? கள்வருக்குப் பரிந்து பேசுகின்றீர்களா?" என்று சிலர் எம்மைக் கேட்பர். களவு போகின்றது, அறிவோம். கள்வன் பிடிபட வேண்டும் என்பதே எமது விருப்பமும். கள்வனைப் பிடிக்க வேண்டுமாயின், வாசிப்புக் குறைந்த அக்கணத்திலேயே லொறியைத் திறந்து, இரு தரப்பார் முன்னிலையில் எண்ணிப் பார்ப்பதன்றோ முறை? பெட்டிகளை இறக்கிக் கலந்து, வாரங்கள் கழித்துச் சம்பளத்தில் கைவைப்பதாற் கள்வன் பிடிபடுவதில்லை. நட்டம் ஒருவன் தலையில் ஏற்றப்படுகின்றது, அவ்வளவே. மெய்யான கள்வன் வேறெங்கோ நின்று சிரிக்கின்றான்.

ஐரோப்பிய ஆணைக்குழு 2009 மே மாதத்தில் ஒரு சிபார்சு செய்தது. பொருள் வாங்குவோரின் அந்தரங்கத்துக்குத் தீங்கு நேரக்கூடுமாயின், கடையை விட்டுப் பொருள் வெளியேறும்போதே சிட்டையைச் செயலிழக்கச் செய்தல் வேண்டும் என்பது அதன் உட்கிடை. நல்லது. சட்டை வாங்குவோனைச் சிட்டை பின்தொடரலாகாது என்று அவர்கள் கவலைப்பட்டனர். அச்சட்டையைத் தைத்தவளையும் சுமந்தவனையும் பற்றிக் கவலைப்படுவார் யார்? அதற்கும் முன்மாதிரி உண்டு. தொழிலாளரின் நடத்தையையும் வேலையையும் கண்காணிக்கத்தக்க இயந்திரம் எதனையும், தொழிலாளர் சபையின் இணக்கமின்றிப் புகுத்தலாகாது என்று ஜெர்மனியின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கின்றது. அந்நாட்டின் தொழில்கள் அதனால் அழிந்துவிடவில்லை.

எமது கோரிக்கைகள்

ஆதலின் நாம் கோருவன இவை.

முதலாவது: வாசிப்புப் பதிவு கொம்பனியின் தனிச்சொத்தாக இருத்தலாகாது. ஒவ்வொரு பிரயாணத்தின் பதிவும் சாரதிக்கு அன்றே பிரதியாகக் கொடுக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது: வாசிப்புக் குறைந்தால், சரக்கு இறக்கப்படுமுன் இரு தரப்பார் முன்னிலையிலும் கையால் எண்ணல் வேண்டும். எண்ணாத குறைவு, குறைவாகக் கொள்ளப்படலாகாது.

மூன்றாவது: உள்ளக விசாரணையின்றி, சிட்டைப் பதிவை மட்டும் ஆதாரமாகக் கொண்டு சம்பளம் கழிப்பதும் வேலைநீக்கம் செய்வதும் தடைசெய்யப்படல் வேண்டும்.

நான்காவது: தொழில் வழங்குநர் தம் தொழிலாளிக்கு எதிராக முன்வைக்கும் இலத்திரனியற் பதிவுக்கு, உண்மையென்னும் அனுமானம் பொருந்தலாகாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் தந்த காவல்கள், அறிவித்தலும் பார்வையிடும் உரிமையும் உட்பட, மீண்டும் பொருந்துமாறு பாராளுமன்றம் திருத்தம் செய்தல் வேண்டும்.

ஐந்தாவது: வாசிப்பு இயந்திரங்கள் நிறுத்தப்படுமுன் தொழிற்சங்கங்களோடு கலந்து பேசி உடன்படிக்கை எழுதப்படல் வேண்டும்.

இவற்றில் எது மிகையானது? தராசுக்கு அரசாங்கம் முத்திரையிட்டுச் சோதிக்கின்றது. பெற்றோல் அளக்கும் கருவியைச் சோதிக்கின்றது. ஒரு மனிதனின் நேர்மையை அளக்கும் இயந்திரத்தைச் சோதிக்கக் கூடாதா?

சட்டம் திருந்தும் வரை காத்திருப்பது எம்மால் இயலாது. ஆகவே சாரதிகளுக்கும் பாரம் ஏற்றி இறக்கும் தொழிலாளர்க்கும் இன்றே ஒரு சொல் சொல்வோம். ஏற்றும்போது எண்ணுங்கள், எண்ணியவரின் ஒப்பம் பெறுங்கள். இறக்கும்போது எண்ணுங்கள், மறுத்தாரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். துண்டுக் கடதாசியாயினும் பத்திரப்படுத்துங்கள். சம்பளத்திற் கழிவு கண்டால் அன்றே சங்கத்துக்கு அறிவியுங்கள். தனித்து நின்று கேட்பவனுக்கு "வியாபார இரகசியம்" என்று சொன்னவர்கள், நூறு பேர் சேர்ந்து கேட்கும்போது அச்சொல்லைச் சொல்லத் தயங்குவர்.

சக வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய பதிவு தொழில் நியாயசபையில் முன்வைக்கப்படும்போது வாளா இருத்தல் கூடாது. இயந்திரத்தைக் காட்டு என்று கேளுங்கள்; முழுப் பதிவையும் கொண்டுவா என்று கேளுங்கள்; அதனை இயக்கியவரைக் கூண்டில் ஏற்றுங்கள். அதன் பின்னும் சாட்சியம் நிலைத்து நிற்குமாயின் அதற்குத் தலைவணங்குவோம். கூண்டில் ஏறாத சாட்சிக்கு நாம் தலைவணங்கோம்.